ஊர் மாறலாமா?

 

மார்க்கச் சட்டம் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் தொழுகை, தலாக், வட்டி, வாரிசுரிமை பற்றித்தான் கேட்பார்கள். சமீப காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், இந்த இரைச்சலும் புகையும் போதும் என்றாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரைப் பார்த்துப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். போகலாமா?"

கேட்பவர்களின் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபது, இருபத்தைந்து வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்கள். கவரைப்பேட்டையில் கொல்கத்தா நெடுஞ்சாலை ஒரு பக்கம், சென்னை – கூடூர் ரயில் பாதை ஒரு பக்கம். இரவு இரண்டு மணிக்கும் லாரி ஓடும், மூன்று மணிக்கும் சரக்கு ரயில் போகும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கப் பார்ப்பவருக்கு இந்தச் சத்தம் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் மனதில் வைத்திருக்கும் ஊரும் தூரத்தில் இல்லை. மேற்கே பெரியபாளையம் சாலையில் நெசவாளர்கள் வாழும் ஆரணி, அதையும் தாண்டினால் ஊத்துக்கோட்டை, கிழக்கே போனால் ஆரணி ஆறு ஏரியில் கலக்கும் பழவேற்காடு. தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குத் தாமிரபரணிக் கரை.

இந்தக் கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். சிலர் கேட்டவுடனே பதில் சொல்லிவிடுகிறார்கள்: "எங்கே போனாலும் எழுதியதுதான் நடக்கும். அல்லாஹ் உனக்கு இங்கேதான் ரிஸ்க்கை வைத்திருக்கிறான், பேசாமல் இரு." இது தவக்குல் போலத் தோன்றுகிறது. ஆனால் உமர் (ரலி) அவர்கள் இதைத் தவக்குலாக ஏற்கவில்லை.

அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உமர் (ரலி) ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடம் வரை வந்துவிட்டார்கள். அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வருகிறது. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், பிறகு அன்ஸாரிகளை, பிறகு குறைஷிப் பெரியவர்களை. கடைசியில் திரும்பிப் போவதென்று முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) கேட்டார்கள்: அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்? அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஓர் உதாரணமும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமை, ஒரு பக்கம் வறட்சி. உன் ஒட்டகத்தைப் பசுமையான பக்கம் மேய்த்தாலும் அது விதிதான், வறண்ட பக்கம் மேய்த்தாலும் அது விதிதான். ஸஹீஹுல் புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது.

ஆகவே, நல்ல காற்றைத் தேடிப் போவது ஈமானில் குறை அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அவர்களில் ஒருவர் இனி இங்கே குடியிருக்க மாட்டேன் என்று சொன்னால் அவருக்குத் தவக்குல் இல்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? உடம்பும் ஓர் அமானிதம்.

அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி இதோடு முடிந்துவிட்டது. போவது நல்லதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

முதலில், எதிலிருந்து போகிறீர்கள் என்று பாருங்கள். லாரிச் சத்தத்திலிருந்து போகிறவருக்கு ஊர் மாறினால் நிவாரணம் கிடைக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்காகப் போகிறவருக்கும் கிடைக்கலாம். ஆனால் சிலர் சத்தம் என்று சொல்வது வேறு எதையோ. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம் ஆகியிருக்கும். கொடுக்க வேண்டிய கடன் இருக்கும், வாங்கிய இடத்துக்கு முகம் காட்ட முடியாமல் இருக்கும். ஜமாஅத் கமிட்டியில் ஒரு மனஸ்தாபம் இருக்கும். இதெல்லாம் லாரி ஏற்றிக்கொண்டு நம்மோடு வரும் சாமான்கள். ஆரணி ஆற்றில் போட்டால் கரையக் கூடியவை அல்ல.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமைப் பேராசிரியர். அன்றைய உலகில் அதைவிடப் பெரிய பதவி ஓர் ஆலிமுக்கு இல்லை. 1095இல், ஹிஜ்ரி 488இல், அதை விட்டுவிட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ் என்று தனிமையில் நாட்களைக் கழித்தார்கள். பிறகு சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய இஹ்யா உலூமித்தீன் நூலில் தனிமைக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. தனிமையை நேசித்த மனிதர், தனிமைதான் சிறந்தது என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. தனித்திருப்பதால் கிடைக்கும் பலன்களை வரிசையாகச் சொல்கிறார்கள். வணக்கத்துக்கு ஓய்வு, புறம்பேசுவதிலிருந்து பாதுகாப்பு, சண்டை சச்சரவிலிருந்து விடுதலை. பிறகு மக்களோடு சேர்ந்திருப்பதால் கிடைப்பவற்றையும் அதே அளவு பொறுப்போடு சொல்கிறார்கள். கற்பது, கற்பிப்பது, பிறருக்கு உதவி, நோயாளியை விசாரிப்பது, ஜனாஸாவில் கலந்துகொள்வது. ஆளுக்கு ஆள், நிலைக்கு நிலை தீர்ப்பு மாறும் என்பதுதான் அந்தப் பாடத்தின் போக்கு. 1106இல் அவர்களே நிஷாப்பூரில் மறுபடியும் பாடம் நடத்தப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஹதீஸ்களிலும் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு காலம் வரும், அப்போது ஒரு முஸ்லிமின் சிறந்த சொத்து அவன் ஓட்டிக்கொண்டு மலையுச்சிக்கும் மழை பெய்யும் இடத்துக்கும் போகிற ஆடுகளாக இருக்கும், குழப்பத்திலிருந்து தன் மார்க்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போவான் என்ற கருத்தில் புகாரியில் இருக்கிறது. மக்களோடு கலந்து பழகி அவர்கள் தரும் தொல்லையைச் சகித்துக்கொள்ளும் முஃமின், அப்படிப் பழகாதவரைவிட அதிக நன்மை பெறுகிறார் என்ற கருத்தில் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. முதல் ஹதீஸில் ஆடு ஓட்டுகிறவர் எதைக் காப்பாற்றப் போகிறார் என்று கவனியுங்கள். தூக்கத்தை அல்ல, மார்க்கத்தை. நம்மில் ஊர் மாற நினைப்பவர் அந்த ஹதீஸை எடுத்துச் சொல்வதானால், போகிற ஊரில் தன் தொழுகை கூடுமா குறையுமா என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டு "அப்படியென்றால் நல்ல பூமியைத் தேடிப் போகிறேன்" என்று சிலர் சொல்லக் கூடும். அவர்களுக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் கடிதம் ஒன்று இருக்கிறது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஸல்மானையும் அபுத்தர்தாவையும் சகோதரர்களாக ஆக்கிவைத்தார்கள். பிற்காலத்தில் அபுத்தர்தா (ரலி) ஷாமில் இருந்தார்கள், ஸல்மான் (ரலி) இராக்கில் இருந்தார்கள். அபுத்தர்தா அன்போடு எழுதினார்கள்: இந்தப் புனித பூமிக்கு வந்துவிடுங்கள். ஸல்மான் பதில் எழுதினார்கள்: பூமி யாரையும் புனிதமாக்குவதில்லை, மனிதனை அவனுடைய அமல்தான் புனிதமாக்கும் என்ற கருத்தில். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியிருக்கிறது. கடிதம் அதோடு நிற்கவில்லை. நீங்கள் அங்கே நீதிபதியாக ஆகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், எச்சரிக்கையாக இருங்கள் என்ற தொனியில் தொடர்கிறது. அதாவது, நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதை விட்டுவிட்டு, அந்த ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

இதை எழுதியவர் யார்? வீட்டை விட்டு வெளியே வராத மனிதரா? பாரசீகத்தில் பிறந்து, சத்தியத்தைத் தேடி ஷாம், மோஸுல், நஸீபின், அம்மூரிய்யா என்று ஊர் ஊராக அலைந்து, கடைசியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து சேர்ந்தவர். நம் வரலாற்றில் அவரைப் போல ஊர் மாறியவர்கள் குறைவு. பிற்காலத்தில் அவர் ஆளுநராக இருந்த மதாயின் நகரமும் திக்ரீஸ் நதிக்கரையில்தான் இருந்தது. ஆளுநராக இருந்துகொண்டே ஓலைக் கூடை முடைந்து சாப்பிட்டவர். ஆற்றங்கரையில் வாழ்ந்த அந்த மனிதர் ஆற்றங்கரையால் யாரும் நல்லவராவதில்லை என்று எழுதினார். அவருடைய ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் ஒரு தேடல் இருந்தது. அந்தத் தேடல் நமக்கு இருக்கிறதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆறு என்றதும் இன்னொன்று. வாசலில் ஓர் ஆறு ஓடி, அதில் தினம் ஐந்து முறை குளிப்பவன் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டு, ஐவேளைத் தொழுகையை அதற்கு உவமையாகச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆற்றங்கரை வீட்டுக்குப் போய் ஜமாஅத்தை விட்டவரைவிட, ரயில்வே கேட் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஐந்து வேளையும் பள்ளிக்கு வருகிறவர் வாசலில்தான் அந்த ஆறு ஓடுகிறது.

இனி, நாம் விட்டுவிட்டுப் போகும் ஊரைப் பற்றி. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

பனூ ஸலிமா என்று அன்ஸாரிகளில் ஒரு கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தூரத்தில் வசித்தார்கள். பள்ளியைச் சுற்றி இடம் காலியானது. பள்ளிக்கு அருகில் குடிவந்துவிடலாம் என்று நினைத்தார்கள். இதைவிட நல்ல காரணம் ஊர் மாற வேறு இருக்குமா? ஆனால் நபி (ஸல்) அவர்கள், உங்கள் வீடுகளிலேயே இருங்கள், நீங்கள் எடுத்துவைக்கும் அடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் சொல்லி அவர்களைத் தடுத்தார்கள். காலடிக்கு நன்மை என்ற பகுதியை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். புகாரியில் வரும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மதீனாவின் ஓரப் பகுதி வெறிச்சோடிப் போவதை நபியவர்கள் விரும்பவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். ஊரின் ஓரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் நல்ல இடம் தேடிப் போய்விட்டால் அந்த ஓரம் என்ன ஆகும்? கவரைப்பேட்டை, புதுவாயல், கும்மிடிப்பூண்டி எல்லாம் இன்று சென்னையின் வடக்கு ஓரம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள். ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் பனியன் சட்டையோடு, வேலைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பையன்களுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று யார் சொல்வார்? கான்ட்ராக்டர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் யார் கூட வந்து பேசுவார்? இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் பழகிய நீங்கள்தான். நீங்கள் வீட்டை விற்றுப் போகும்போது வீடு மட்டும் கைமாறுவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பேசத் தெரிந்த ஒருவர், மய்யித் குளிப்பாட்டத் தெரிந்த ஒருவர், மக்தப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கும் ஒருவர் ஊரிலிருந்து குறைகிறார்.

இதனால் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பனூ ஸலிமாவுக்குச் சொன்னதை எல்லோருக்குமான தடையாக உலமாக்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நம் கணக்கில் இதுவும் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்கிறேன். நான் பார்த்தவரை, காற்றும் நிலத்தின் விலையும் பஸ் வசதியும் கணக்கில் இருக்கின்றன, இந்த வரி மட்டும் இருப்பதில்லை.

தொழிற்பேட்டை ஊர் என்றால் ஈரமில்லாத ஊர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு நினைவிருக்கிறதா? மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 1,300க்கும் மேற்பட்ட பயணிகள். பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன, ஒரு பெட்டி தீப்பற்றியது. அல்லாஹ்வின் கருணையால் ஓர் உயிரும் போகவில்லை. இருட்டில் முதலில் ஓடிப்போனவர்கள் பக்கத்தில் குடியிருந்தவர்கள். மொழி தெரியாத பீகார்க் குடும்பங்களை இறக்கி, குழந்தைகளைத் தூக்கி, தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கியபோதும் பக்கத்து ஊர் மக்கள்தான் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். இரைச்சலான ஊரிலும் அமைதியான ஊரிலும் மனிதர் ஒன்றுதான்.

தாமிரபரணி என்று சொன்னதால் வெள்ளத்தையும் பேசிவிடுவோம். அதே டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் பெய்தது என்று சொல்லலாம். ஆற்றங்கரை வாழ்க்கையைப் படமாகப் பார்ப்பவர் வேறு, வீட்டுக்குள் ஆற்றைப் பார்த்தவர் வேறு. நம் ஆரணி ஆறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். நிலம் விற்பவர் உங்களை ஏப்ரல் மாதம் அழைத்துப் போவார். தென்னை அசையும், மயில் கத்தும், மனம் லேசாகும். ஆந்திராவில் பிச்சாட்டூர் ஏரி நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் இதே ஆறு ஊத்துக்கோட்டையில் தரைப்பாலத்தை மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்திய நாட்கள் உண்டு. பொன்னேரி வரை கரையோர கிராமங்கள் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு.

இதில் விற்பவருக்கும் ஒரு வார்த்தை உண்டு, ஏனென்றால் நம் ஆட்களிலும் மனை வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரி மழையில் நனைந்தது என்றார். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கடுமையாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். "ரிவர் வியூ மனை" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர், அந்த மனையில் எந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதை அடியில் மறைத்தால், அந்தக் குவியலின் ஈரம் அது. மேலே மண் கொட்டி மேடாக்கி விற்பது மறைப்பின் இன்னொரு வகை. ஆற்றுப் புறம்போக்கை வளைத்து மனையாக்குவது இன்னும் மோசம். அது ஊருக்கெல்லாம் உரிமையான நிலம், தண்ணீருக்கும் உரிமையான நிலம்.

அதே நேர்மை இங்கே வீட்டை விற்றுவிட்டுப் போகிறவருக்கும் பொருந்தும். ஹனஃபி மத்ஹபில் ஷுஃப்ஆ என்று ஒரு சட்டம் உண்டு. சொத்தை விற்கும்போது பங்காளிக்கு மட்டுமல்ல, ஒட்டிய அண்டை வீட்டாருக்கும் முன்னுரிமை உண்டு. ஷாஃபி மத்ஹபில் அது பங்காளிக்கு மட்டும். நீங்கள் எந்த மத்ஹபாக இருந்தாலும், இத்தனை வருடம் ஒரே சுவரைப் பங்கிட்ட பக்கத்து வீட்டாருக்கு வீடு விற்றுப் போகும் செய்தி புரோக்கர் மூலம் தெரியக் கூடாது.

வீட்டுக்குள் வருவோம். இந்த முடிவு யாருடைய முடிவு? பெரும்பாலும் ஆண்கள் தீர்மானித்துவிட்டு வீட்டில் அறிவிக்கிறார்கள். அமைதியான ஊர் என்பது ஆணுக்குத் திண்ணையில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதும் இடம். பெண்ணுக்கு அதுவே பேச ஆளில்லாத, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தூரமான, மகள் காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய இடமாக இருக்கலாம். இங்கே ரயில் ஏறினால் சென்னை, நடந்து போகும் தூரத்தில் இன்ஜினியரிங் காலேஜ். உங்கள் நிம்மதிக்கு விலையை மகளின் படிப்பு கொடுக்கிறதென்றால் அது எப்படி நியாயமாகும்? உமர் (ரலி) படையையே திருப்பும் அதிகாரம் உள்ள கலீஃபா. மூன்று தரப்பை அழைத்துக் கேட்டார்கள். நாம் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு தரப்பாகவாவது கேட்க வேண்டாமா?

பெற்றோர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஹிஜ்ரத்துக்காக உங்களிடம் பைஅத் செய்ய வந்திருக்கிறேன், என் தாய் தந்தையை அழவிட்டு வந்திருக்கிறேன் என்றார். திரும்பிப் போங்கள், அழவைத்தது போலவே அவர்களைச் சிரிக்க வையுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ளது. ஹிஜ்ரத் எவ்வளவு பெரிய அமல்! அந்த அமலுக்காக ஊர் மாறும்போதே தாய் தந்தையின் கண்ணீர் பார்க்கப்பட்டதென்றால், நல்ல காற்றுக்காக மாறுவதில் பார்க்கப்படாமல் போகுமா? எழுபது வயது உம்மாவுக்கு ஊர் என்றால் காற்று அல்ல. எதிர்வீட்டு அக்கா, அஸருக்குப் பிறகு வந்து உட்காரும் தோழி, வாப்பாவின் கபர். உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாலும் இவற்றைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. சில உம்மாக்கள் மகனுக்காகச் சரி என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் "சரி"யை இரண்டாம் முறை கேளுங்கள்.

ஊரை விட்டுப் பிரிவது வலிக்கும் என்பதை மார்க்கம் மறைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறியபோது, அந்த ஊரைப் பார்த்து, எனக்கு மிகப் பிரியமான பூமி நீதான், உன் மக்கள் என்னை வெளியேற்றியிருக்காவிட்டால் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் சொன்னது திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. மதீனா வந்த புதிதில் அபூபக்ருக்கும் பிலாலுக்கும் (ரலி) காய்ச்சல். பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் ஓடையையும் நினைத்து ஏங்கினார்கள். நபியவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு, அதை ஆரோக்கியமான ஊராக்கு என்று துஆ செய்தார்கள். புதிய ஊரின் காற்று முஹாஜிர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர் நல்லதாகப் பின்னால் ஆனது, துஆவாலும் அமலாலும்.

நமக்கு இந்த வலியைத் தேர்ந்தெடுக்கும் வசதியாவது இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் பல பத்தாண்டுகளாக முகாமில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கிறோம். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். அவர்களில் யாரும் "போகலாமா, வேண்டாமா" என்று ஆலோசிக்க நேரம் பெறவில்லை. ஸபஃ நாட்டாரின் கதையும் குர்ஆனில் இருக்கிறது, 34ஆம் அத்தியாயம். வலமும் இடமும் தோட்டங்கள், நல்ல ஊர், அருகருகே ஊர்கள், பயமில்லாத பயணம். அவர்களுக்கு அது சலித்துவிட்டது. பயண தூரத்தை அதிகமாக்கு என்று கேட்டார்கள். கிடைத்த ஊரின் அருமை தெரியாமல் வேறொன்றைக் கேட்டவர்கள் கடைசியில் சிதறிப்போனார்கள். அணை உடைந்த வெள்ளமும் அந்த அத்தியாயத்தில்தான் வருகிறது.

போகத்தான் வேண்டும் என்று முடிவானால் ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது? இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவைப் பாருங்கள். 14ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம். பயிர் விளையாத பள்ளத்தாக்கில் மனைவியையும் குழந்தையையும் குடியமர்த்திவிட்டுக் கேட்கிறார்கள். முதலில் சொன்னது தொழுகையை நிலைநாட்டுவது. அடுத்துக் கேட்டது மனிதர்களின் உள்ளம் இவர்கள் பக்கம் சாய வேண்டும் என்பது. அதற்குப் பிறகுதான் கனிகள், உணவு. நாம் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறோம். மாமரம் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் உப்பா நல்லதா என்று கேட்கிறோம். (மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதால் தண்ணீரையும் கேட்கத்தான் வேண்டும்.) பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பிள்ளைக்கு மக்தப் உண்டா, கபரஸ்தான் எங்கே, மய்யித்தைக் குளிப்பாட்ட நாலு பேர் சேருவார்களா என்று கேட்பவர் குறைவு. அபூதர் (ரலி) ரபதா என்ற தனித்த இடத்தில் மரணமடைந்தபோது கஃபனிடவும் தொழுகை நடத்தவும் வழியில் ஒரு பயணக்கூட்டம் வந்து சேர வேண்டியிருந்தது. அபூதருக்கு அல்லாஹ் அப்படி அனுப்பினான்.

பழவேற்காட்டைச் சொன்னேன் அல்லவா? அங்குள்ள நம் மக்களிடம், தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் என்ற வழிவழிச் செய்தி இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிய காலத்தில் அது கப்பல் நிற்கும் பெரிய வணிகத் துறைமுகம், இரைச்சலான ஊர். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை எழுந்து, வணிகம் மெல்ல மெல்ல நகர்ந்த பிறகுதான் இன்று நாம் ரசிக்கும் அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் வேலை இல்லாமல் வெளியூர் போன பிள்ளைகளின் வீடுகளும் இருக்கின்றன. நீங்கள் நிம்மதி தேடிப் போகும் ஊரிலிருந்து ஓர் இளைஞன் பிழைப்புத் தேடிக் கவரைப்பேட்டைக்கு ரயில் ஏறிக்கொண்டிருப்பான்.

ஆகவே அங்கே போனால் விருந்தாளியாக இருந்துவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தவுடன் மக்களிடம் சொன்ன முதல் பேச்சை அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, உறவைப் பேணுவது, மக்கள் உறங்கும்போது தொழுவது பற்றியது அது. புது ஊரில் முதல் வாரத்தில் செய்யக் கூடியவை இவை. பக்கத்து வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, முதல் நாளே ஒரு தட்டு சோறு கொண்டுபோய்க் கொடுத்து விசாரியுங்கள். சத்தம் பிடிக்காமல் வந்தவர் என்ற பெயரோடு, கோயில் திருவிழா மைக்குக்கும் கல்யாண மேளத்துக்கும் முகம் சுளிப்பவராக அங்கே அறிமுகமாகாதீர்கள். அவர்கள் ஊர் அது.

கடைசியாக நடைமுறை. இஸ்திகாரா தொழுங்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத்தருவது போல எல்லாக் காரியங்களுக்கும் நபியவர்கள் அதைக் கற்றுத்தந்ததாக வருகிறது. கனவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழுதுவிட்டு விசாரிப்பதைத் தொடருங்கள். வட்டிக் கடன் வாங்கி நிம்மதியை வாங்கப் போகாதீர்கள். முடிந்தால் வீட்டை உடனே விற்காமல், அங்கே ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு சாதாரண புதன்கிழமை ஃபஜ்ருக்குப் பள்ளியில் போய் நில்லுங்கள், ஸஃப்பில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தொழுகை முடிந்ததும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: 2015இலும் 2021இலும் 2023இலும் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, அன்றைக்கு யார் யாருடைய வீட்டில் தங்கினார்கள்?